பொன்வாயிலுக்குப் பொன் எங்கிருந்து வந்தது?

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைப் படத்தில்கூடப் பார்க்காதவர்கள் குறைவு. மூடுபனிக்கு மேலே தலைநீட்டும் இரண்டு செந்நிறக் கோபுரங்கள், அவற்றின் தோளிலிருந்து சரிந்து இறங்கும் பெருவடங்கள். பெயரில் ஏன் தங்கம் என்று கேட்டால் வழக்கமாக இரண்டு விடைகள் வரும். மாலை வெயிலில் பாலம் பொன்னாக மின்னுகிறது என்பது ஒன்று. கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததன் நினைவாக வைத்த பெயர் என்பது மற்றது. முதல் விடை நிற்காது. பாலம் திறந்தது 1937இல். பெயரோ 1840களிலேயே வந்துவிட்டது. இரண்டாவது விடை மிகப் பொருத்தமாகத் தெரிகிறது. ஆனால் அதுவும் சில மாத வித்தியாசத்தில் தவறிப்போகிறது. இந்தப் பெயரின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அந்தச் சில மாதங்கள்தான்.

நம் இலக்கணம் பெயர்களைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று பிரிக்கிறது. சூட்டியதற்கு ஒரு காரணம் தெரிந்தால் முதல் வகை. காரணம் தெரியாமல் வெறும் குறியாக நின்றால் இரண்டாம் வகை. கோல்டன் கேட் என்ற பெயர் காரணத்தோடு பிறந்தது. ஊர் அந்தக் காரணத்தை வெகுசீக்கிரம் மறந்தது. பிறகு தலைமுறைக்கு ஒரு புதுக் காரணம் தானாக வந்து பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப்படி வந்த காரணங்களையும் தள்ளிவிட முடியாது என்பது என் எண்ணம். ஒரு பெயர் உயிரோடு இருப்பதற்கு அவையும் காரணம்.

முதலில் நீரைப் பார்க்க வேண்டும். இந்தப் பெயருக்கு உரிமையாளர் பாலம் அன்று. பாலத்தின் அடியில் ஓடும் நீரிணை. பசிபிக் பெருங்கடலுக்கும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கும் இடையில் ஒரு குறுகிய திறப்பு. தெற்கே சான் பிரான்சிஸ்கோ தீபகற்பம், வடக்கே மரின் குன்றுகள். மிக ஒடுங்கிய இடத்தில் அகலம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். ஆழம் நூறு மீட்டரைத் தாண்டும். கலிபோர்னியா நிலப்பரப்பில் ஏறக்குறைய 40 விழுக்காட்டில் விழும் மழைநீரும் பனிநீரும் சாக்ரமென்டோ, சான் வாக்கீன் ஆறுகளின் வழியாக விரிகுடாவுக்கு வந்து இந்த ஒரே வழியில் கடலை அடைகின்றன. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் வெகுவாகத் தாழ்ந்திருந்தபோது இது ஓர் ஆறு அறுத்த பள்ளத்தாக்கு. கடல் உயர்ந்து உள்ளே நுழைந்ததும் விரிகுடாவும் அதன் வாசலும் உண்டாயின.

அந்த வாசல் கடலிலிருந்து பார்த்தால் எளிதில் கண்ணில் படுவதில்லை. ஐரோப்பியக் கடலோடிகளில் கப்ரியோ 1542இல் இந்தக் கரையோரம் கப்பலோட்டிப் போனார். டிரேக் 1579இல் சற்று வடக்கே தங்கினார். செர்மென்யோ 1595இலும் விஸ்காயினோ 1603இலும் கடந்துபோனார்கள். ஒருவர் கண்ணிலும் இந்தத் திறப்பு படவில்லை. கோடையில் இங்கே கவிழும் மூடுபனி பேர்போனது. வாசலுக்கு நேர் உள்ளே நிற்கும் தீவுகளும் எதிர்க்கரைக் குன்றுகளும் ஒன்றோடொன்று கலந்து, கரை இடைவெளியின்றித் தொடர்வதுபோல் ஏமாற்றும். கடைசியில் ஐரோப்பியர்கள் இந்த விரிகுடாவைக் கண்டது நிலவழியாக. மான்டெரே துறைமுகத்தைத் தேடி நடந்த போர்த்தோலாவின் ஸ்பானியக் குழு 1769 நவம்பரில் ஒரு குன்றின் மேலிருந்து அதைப் பார்த்தது. அயாலாவின் சான் கார்லோஸ் என்ற கப்பல் வாசல் வழியாக உள்ளே வந்தது 1775 ஆகஸ்ட் 5 அன்று. கப்ரியோவிலிருந்து எண்ணினால் 233 ஆண்டுகள். அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே தென்கரையில் ஓலோனி மக்களும் வடகரையில் மிவோக் மக்களும் வாழ்ந்துவந்தார்கள். கோரைப்புல் கட்டிச் செய்த படகுகளில் இந்த நீரில் போய்வந்தார்கள். அவர்கள் வழங்கிய பெயரை எந்த வரைபடமும் ஏற்றுக்கொள்ளவில்லை. பெயர் வரலாறு எழுதும்போது இந்த இழப்பைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது.

ஸ்பானியர்கள் வைத்த பெயர் எளிமையானது: லா போகா தெல் புவெர்த்தோ. துறைமுகத்தின் வாய். போகா என்றால் வாய். தமிழ்க் காதுக்கு இது மிகவும் பழகிய சிந்தனை. நீர் கடலில் புகும் இடத்தைக் கயவாய், கழிமுகம், முகத்துவாரம் என்றெல்லாம் நாமும் உடலுறுப்பை வைத்தே சொல்கிறோம். கொழும்பின் வடமுனையில் களனி கங்கை கடலில் சேரும் பகுதிக்கு முகத்துவாரம் என்றே பெயர். ஸ்பானியர்களின் வாய் எப்படி அமெரிக்கர்களின் வாயிலாக மாறியது என்பதுதான் அடுத்த கதை. தமிழில் இந்த மாற்றத்துக்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. இல்லின் வாய்தான் வாயில். இல்வாய் என்று வரவேண்டியது முன்பின்னாக மாறி நின்றதால் இதை இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த உறவு இல்லை. அங்கே வாய் வேறு, வாயில் வேறு. எனவே மாற்றத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டார்.

அந்த ஆள் ஜான் சார்ல்ஸ் ஃப்ரெமான்ட். அமெரிக்கப் படையின் நில அளவைப் பிரிவைச் சேர்ந்தவர். மேற்கு நிலங்களை அளந்து வரைபடமாக்கிப் பெயர்பெற்றவர். 1846 கோடையில் கலிபோர்னியா மெக்சிகோவின் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. ஜூலை 1 அன்று ஃப்ரெமான்ட் ஒரு சிறு குழுவோடு படகில் நீரிணையைக் கடந்து, தென்கரை முனையில் காவலின்றிக் கிடந்த ஸ்பானியர் காலத்துக் கோட்டையின் பழைய பீரங்கிகளை ஆணியடித்துச் செயலிழக்கச் செய்தார். போர் வரலாற்றில் இதற்குப் பெரிய இடம் கிடையாது. ஆனால் அந்த வாசலை அவர் அருகிலிருந்து பார்த்தார். பார்த்தவுடன் அவர் மனத்தில் எழுந்தது இன்னொரு கண்டத்தின் இன்னொரு துறைமுகம்: பைசாந்தியம்.

பைசாந்தியம் என்ற கான்ஸ்டான்டிநோபிளின், அதாவது இன்றைய இஸ்தான்புல்லின், துறைமுகத்துக்குக் கிரேக்கத்தில் கிறிசோகெராஸ் என்று பெயர். கிறிசோஸ் பொன்; கெராஸ் கொம்பு. அதே முறையில் ஃப்ரெமான்ட் ஒரு சொல்லைக் கட்டினார்: கிறிசோபிலே. பிலே என்றால் வாயில். வெந்நீர் ஊற்றுகள் இருந்ததால் தெர்மோபிலே என்று பெயர்பெற்ற, ஸ்பார்த்தா வீரர்கள் மடிந்த கணவாயின் பெயரிலும் இதே பிலேதான் இருக்கிறது. 1848இல் அமெரிக்க செனட் வெளியிட்ட கலிபோர்னியா புவியியல் அறிக்கையிலும், அதோடு சேர்ந்து சார்ல்ஸ் ப்ரோய்ஸ் வரைந்த வரைபடத்திலும் இந்தப் பெயர் ஏறியது. கிரேக்கத்தையும் அதன் பொருளான ஆங்கிலப் பெயரையும் சேர்த்தே போட்டிருந்தார்கள். காரணத்தையும் ஃப்ரெமான்ட் ஒளிக்கவில்லை. நுழைவாயிலின் வடிவம், ஆசியாவையும் உள்ளடக்கிய வாணிகத்துக்கு அது தரப்போகும் வசதி, இவை இரண்டுமே அவர் சொன்ன காரணங்கள். கிழக்கின் செல்வம் மேற்கில் வந்து இறங்கும் வாசல் என்று அவர் கணக்குப் போட்டார். மண்ணுக்குள் இருக்கும் தங்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது.

இருக்கவும் முடியாது. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். கொலோமாவில் சட்டரின் மர அறுவை ஆலைக்கான வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துணுக்கைக் கண்டது 1848 ஜனவரி 24. அதற்கு முந்திய ஆண்டே ஃப்ரெமான்ட் கலிபோர்னியாவை விட்டுக் கிழக்கே திரும்பிவிட்டார். அறிக்கை செனட்டுக்கு வந்தது 1848 ஜூன். தங்கச் செய்தியைக் கிழக்குக் கரையில் நியூயார்க் ஹெரால்டு அச்சிட்டது ஆகஸ்ட் 19. குடியரசுத் தலைவர் போல்க் அதை உறுதிப்படுத்தியது டிசம்பரில். பெயர் அச்சேறிய பிறகுதான் செய்தி வந்தது. இரண்டுக்கும் இடையில் இரண்டரை மாதம்கூட இல்லை.

அடுத்து நடந்தது பெயரின் இரண்டாம் பிறப்பு. 1848 தொடக்கத்தில் சுமார் ஆயிரம் பேர் இருந்த ஊரில் 1849 முடிவுக்குள் ஏறத்தாழ 25,000 பேர் குவிந்தார்கள். மாலுமிகள் கப்பல்களை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்கங்களுக்கு ஓடியதால் துறைமுகம் பாய்மரக் காடாகிப் போனது. அவர்களில் எத்தனையோ பேர் கடல்வழியாக இந்த நீரிணைக்குள் நுழைந்தவர்கள். தங்கம் தேடி வந்தவனிடம் இந்த இடத்தின் பெயர் பொன்வாயில் என்று சொன்னால் அவன் ஏன் என்று கேட்கமாட்டான். காரணம் அவன் மனத்திலேயே இருக்கிறது. கிறிசோபிலே என்ற கிரேக்க வடிவம் சத்தமில்லாமல் உதிர்ந்தது, ஆங்கிலம் நின்றது. பைசாந்தியத்தை யாரும் நினைக்கவில்லை.

பெயர் முன்னே வந்து பொருள் பின்னே வருவது கலிபோர்னியாவுக்கு வழக்கம் போலிருக்கிறது. அந்த மாநிலத்தின் பெயரே 16ஆம் நூற்றாண்டின் ஒரு ஸ்பானிய வீரக்கதையில் வரும் கற்பனைத் தீவின் பெயர். மோந்தால்வோ எழுதிய அந்தக் கதையில் கலாஃபியா என்ற அரசி ஆளும் கலிபோர்னியாவில் கிடைக்கும் ஒரே உலோகம் தங்கம். ஸ்பானியர்கள் அந்தப் பெயரைக் கொண்டுவந்து இந்தக் கரைக்கு வைத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் உண்மைத் தங்கம் கிடைத்தது.

ஃப்ரெமான்ட் எடுத்துக்கொண்ட முன்மாதிரியையும் சற்று கிளறிப் பார்க்க வேண்டும். பைசாந்தியத்தின் கொம்புக்குப் பொன் எங்கிருந்து வந்தது? புவியியலறிஞர் ஸ்திராபோ அந்த நீர்க்கழியைக் கலைமான் கொம்புக்கு ஒப்பிடுகிறார். கிளைகளைப்போல் சிறு சிறு குடாக்களாகப் பிரிவதால். கருங்கடலிலிருந்து பொஸ்போரஸ் வழியாக இறங்கும் சூரை மீன் கூட்டம் நீரோட்டத்தால் தள்ளப்பட்டு அந்தக் குடாக்களில் புகுந்து எளிதில் பிடிபடும் என்றும் எழுதுகிறார். ரோமானியரான பிளினி இன்னும் ஒரு படி மேலே போகிறார். எதிர்க்கரையில் கால்கெதோன் பக்கம் நீருக்கடியில் வெண்பாறை ஒன்று பளிச்சிடுகிறது. அதைக் கண்டு மிரளும் மீன்கள் பைசாந்தியப் பக்கம் திரும்பிவிடுகின்றன. அந்த முனைக்குத்தான் பொற்கொம்பு என்று பெயர் என்கிறார். ஆக முதல் பொன் மீன். வலைவீசினால் வந்து விழும் செல்வம். பிற்காலத்தில் பிரோகோப்பியஸ் கேரோயெஸ்ஸா என்ற கதைப்பெண்ணிலிருந்து கெராஸ் வந்ததாக இன்னொரு விளக்கம் சொல்கிறார். காரணம் மறந்த பெயருக்குக் கதை கட்டுவது எல்லா நாட்டிலும் உண்டு. நம் தலபுராணங்களில் ஊர்ப்பெயருக்குச் சொல்லும் கதைகள் எத்தனை!

கொம்பு என்பதை நீர்நிலைக்குச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் தமிழில் கோடு என்ற ஒரே சொல் விலங்கின் கொம்பையும் யானைத் தந்தத்தையும் மரக்கிளையையும் மலைமுகட்டையும் நீர்க்கரையையும் குறிக்கும். கிறிசோகெராஸ் என்பதைப் பொற்கோடு என்று பெயர்த்தால் மான்கொம்பும் அதன் கிளையும் துறைமுகத்தின் கரையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. துருக்கியர்களோ இந்தத் தங்கத்தையும் கொம்பையும் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு அது ஹாலிச், வெறுமே கழிமுகம். அரபு மூலத்திலிருந்து வந்த சொல். ஸ்பானியர்கள் வாய் என்று சொன்னதைப் போலவே, அங்கேயே வாழ்பவர்கள் இடத்தைப் பார்த்தபடி பெயர் சொல்கிறார்கள்; தூரத்திலிருந்து வரைபடம் போடுபவர்களுக்குத்தான் பொன் தேவைப்படுகிறது. அந்தப் பொற்கோட்டின் குறுக்கே ஒரே வளைவில் பாலம் கட்ட 1502இல் லியோனார்தோ தா வின்சி சுல்தான் இரண்டாம் பயசீதுக்குத் திட்டம் வரைந்து கொடுத்தார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். அது கட்டப்படவில்லை. இன்று அங்கே நிற்கும் கலாத்தா பாலம் 1994இல் முடிந்தது. அந்த இடத்தில் முதல் பாலம் 1845இல், ஃப்ரெமான்ட் பீரங்கிகளுக்கு ஆணியடித்ததற்கு ஓராண்டு முன்பு வந்தது.

கான்ஸ்டான்டிநோபிளில் பொற்கொம்பு மட்டுமில்லை, உண்மையிலேயே ஒரு பொன்வாயிலும் உண்டு. நகரின் பெருமதிலில் பேரரசர்கள் வெற்றி ஊர்வலமாக நுழையும் வாயில் அது. 11ஆம் நூற்றாண்டில் கீவ் நகரம் அதைப் பார்த்துத் தனக்கும் ஒரு பொன்வாயில் கட்டிக்கொண்டது. இவற்றைவிட எனக்கு வியப்பளிப்பது எருசலேமின் பொன்வாயில். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் கோவிலின் ஒரு வாயிலை ஹொராயா என்கிறது. அழகிய என்று பொருள். லத்தீன் காதுக்கு இது ஔரேயா, அதாவது பொன்னாலான என்ற சொல்லைப்போல் ஒலித்தது. அப்படித்தான் அழகிய வாயில் பொன்வாயிலானது என்பது அறிஞர் பலரின் கருத்து. தங்கம் தன்னைப்போல ஒலிக்கும் சொற்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இந்த இழுப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் நிறத்தைப் பேசும்போது இது மீண்டும் வேலை செய்யும்.

நீரிணையின் பெயர் பாலத்துக்கு எப்போது போனது? பாலம் வேண்டும் என்ற பேச்சை 1872இலேயே ரயில்வே முதலாளி சார்ல்ஸ் க்ராக்கர் எழுப்பினார். 1916இல் ஜேம்ஸ் வில்கின்ஸ் என்ற பத்திரிகையாளர் அதை மறுபடி எழுதினார். 1917இல் நகரப் பொறியாளர் ஓஷானசியும் பாலப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸும் கலந்து பேசியபோது கோல்டன் கேட் பாலம் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. 1923இல் பாலத்தைக் கட்டி நடத்தும் அமைப்பான பால மாவட்டத்துக்கான சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது பெயர் அரசு முத்திரை பெற்றது. முதல் மண்வெட்டி நிலத்தில் இறங்கியது 1933 ஜனவரி 5. ஆக, பாலத்துக்கும் பெயர் பத்தாண்டு முன்னதாகவே வந்துவிட்டது. எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் படகுப் போக்குவரத்து நிறுவனமும் ஒன்று. அதன் பெயரிலும் கோல்டன் கேட் இருந்தது.

ஒரு பொருளின் பெயர் அதனோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகிவருவதை ஆகுபெயர் என்கிறோம். இன்று கோல்டன் கேட் என்றால் கடலோடிகளையும் உள்ளூர்க்காரர்களையும் தவிர யாருக்கும் நீரிணை நினைவுக்கு வருவதில்லை. இடத்தின் பெயர் அங்கே நிற்கும் கட்டுமானத்துக்கு ஆனது. இது சுத்தமான இடவாகுபெயர். எல்லாப் பாலத்துக்கும் இது வாய்ப்பதில்லை. அதே விரிகுடாவில் 1936 நவம்பரில் திறந்த ஓக்லாந்து பாலத்துக்குச் சட்டப்படி முன்னாள் ஆளுநர் ஜேம்ஸ் ரோல்ஃபின் பெயர் உண்டு. ஊரார் நாவில் அது வெறும் பே பாலம், விரிகுடாப் பாலம். உலகின் மிக நீண்ட தொங்குபாலக் கண் என்ற பெருமையை 1964இல் கோல்டன் கேட்டிடமிருந்து பறித்த நியூயார்க்கின் வெர்ரஸானோ பாலத்துக்கோ தன் பெயரையே ஓர் எழுத்து குறைவாகத்தான் வைத்தார்கள். அந்தக் கடலோடியின் பெயரில் இரண்டு முறை வரவேண்டிய எழுத்து ஒரு முறை மட்டும் இருந்தது. 54 ஆண்டுகள் கழித்து, 2018இல் அது திருத்தப்பட்டது.

நீரிணை தன் பெயரை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. வடகோபுரம் கரையோரத்தில் எழுந்தது. தென்கோபுரத்தின் அடித்தளமோ கரையிலிருந்து 335 மீட்டர் தள்ளி, திறந்த கடலில். பெருங்கடலின் அலை நேராக வந்து மோதும் இடம். அங்கே போய்வரப் போட்ட மரப்பாலத்தில் 1933 ஆகஸ்டில் மூடுபனிக்குள் வழிதவறிய சரக்குக் கப்பல் ஒன்று இடித்தது. செப்பனிட்ட பிறகு அதே ஆண்டில் புயல் அதன் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போனது. நீர்மூழ்கிகள் ஓதம் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் சற்றே ஓயும் குறுகிய நேரங்களில் மட்டும் கீழே இறங்கிப் பாறையைச் சீராக்கினார்கள். பிறகு கடலுக்கு நடுவே முட்டை வடிவில் பெரிய கான்கிரீட் சுவர் எழுப்பி, அதற்குள் அடித்தளம் போட்டார்கள். கோபுரங்கள் நீர்மட்டத்திலிருந்து 227 மீட்டர் உயர்ந்தன. இரண்டுக்கும் இடையில் 1,280 மீட்டர். புரூக்ளின் பாலத்துக்குப் பேர்போன ரோப்ளிங் குடும்பத்தின் நிறுவனம் பெருவடங்களை அந்த உயரத்திலேயே, கம்பி கம்பியாக இழுத்துக் கட்டியது. 92 சென்டிமீட்டர் தடிமனான ஒவ்வொரு வடத்திலும் 27,572 கம்பிகள். நீரோட்டத்துக்கு மேலே 67 மீட்டர் இடைவெளி விட்டுச் சாலைத்தளம் ஓடியது.

ஃப்ரெமான்ட் பீரங்கிகளைக் கெடுத்த கோட்டையின் முனையில்தான் பாலத்தின் தென்முனை வந்தது. அங்கே 1861இல் முடிந்த செங்கல் கோட்டை ஒன்று, ஃபோர்ட் பாயின்ட், நின்றுகொண்டிருந்தது. ஸ்ட்ராஸ் அதை இடிக்கவில்லை. அதன் தலைக்கு மேலே ஓர் எஃகு வளைவு அமைத்துத் தாண்டிப் போனார். இன்றும் வளைவின் கீழே கோட்டை இருக்கிறது. கிறிசோபிலே என்ற சொல்லுக்கு அச்சாரம் போட்ட இடத்தைக் காண வேண்டுமானால் அங்கே போய் நிற்கலாம்.

சாலைத்தளம் போடும்போது கீழே வலை விரித்திருந்தார்கள். அன்றைய நாளில் அது புதுமை, செலவும் அதிகம். விழுந்து வலையில் பிழைத்த 19 பேர் நரகத்துக்குப் பாதிவழி சங்கம் என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டார்கள். 1937 பிப்ரவரி 17 அன்று பெரிய சாரம் ஒன்று இற்று விழுந்து வலையையே கிழித்துக்கொண்டு போனது. அன்று ஒரே நாளில் இறந்தவர்கள் 10 பேர். வேலை முழுவதிலும் இறந்தவர்கள் 11 பேர். மூன்று மாதம் கழித்து, மே 27 அன்று பாலம் மக்களுக்குத் திறந்தது. அன்று வண்டிகளுக்கு அனுமதியில்லை. ஏறத்தாழ 2 லட்சம் பேர் நடந்தே கடந்தார்கள்.

பெயரில் பொன் இருந்தும் பாலத்தைப் பொன்னிறமாக்க வேண்டும் என்று யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. கப்பல்களுக்குத் தெரிய வேண்டும் என்று கடற்படை கறுப்பு மஞ்சள் பட்டை கேட்டது. விமானப் படைப்பிரிவு சிவப்பு வெள்ளைப் பட்டை கேட்டது. எஃகு கிழக்கு ஆலைகளிலிருந்து வந்தபோது துருப்பிடிக்காமலிருக்கச் செந்நிற ஈயப்பூச்சோடு வந்தது. கோபுரம் அந்தப் பூச்சோடு எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த கட்டடக் கலைஞர் இர்விங் மாரோவுக்கு அதுவே பிடித்துப்போனது. நீலக் கடலுக்கும் சாம்பல் மூடுபனிக்கும் எதிரில் எடுப்பாகவும் குன்றுகளின் மண்ணோடு இசைவாகவும் இருக்கிறது என்று கண்டார். 1935இல் அவர் எழுதிய அறிக்கையால் இன்டர்நேஷனல் ஆரஞ்சு என்ற நிறம் நிலைத்தது.

அந்த ஆரஞ்சு என்ற சொல் நம்மை எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது பாருங்கள். தமிழில் நாரத்தை, மலையாளத்தில் நாரங்ங, தெலுங்கில் நாரிஞ்ச. சமஸ்கிருத நாரங்கம் திராவிட மொழிகளிலிருந்து பெற்ற சொல் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். அங்கிருந்து பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. ஸ்பானியத்தில் முதலெழுத்து நகரம் இன்றும் இருக்கிறது. இத்தாலியிலும் பிரான்சிலும் அது முன்னால் வரும் சுட்டுச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு உதிர்ந்தது. எஞ்சிய சொல் பிரெஞ்சில் ஒகரத்தில் தொடங்கியதற்கு, தங்கத்தைக் குறிக்கும் ஓர் என்ற சொல்லின் சாயல் காரணம் என்று சொல்கிறார்கள். லத்தீன் இதில் மறைப்பே வைக்கவில்லை. பழத்தின் பெயரைத் தங்கத்தின் சொல்லான ஔரம் என்பதோடு பிணைத்து ஔரான்டியம் என்று ஆக்கியது; கசப்பு ஆரஞ்சு மரத்தின் தாவரவியல் பெயரில் அது இன்றும் நிற்கிறது. எருசலேமின் அழகிய வாயிலைப் பொன்னாக்கிய அதே இழுப்பு. நாரத்தையின் பெயர் பொன்னைத் தொட்டுக்கொண்டு போய்ப் பொன்வாயிலின் மேல் பூச்சாக அமர்ந்தது. யாரும் திட்டமிடவில்லை, சொற்கள் தாமாக வந்து சேர்ந்த இடம் இது.

பெயரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, அங்கே பொறிக்கப்படாமல் போன பெயரைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்ட்ராஸ் 1921இல் கொடுத்த முதல் திட்டம் கனத்த, அழகற்ற கலப்பு வடிவம். அது மெல்லிய தொங்குபாலமாக மாறியதில் ஆலோசகர் லியோன் மொய்செயிஃபின் கோட்பாட்டுக்கும், ஸ்ட்ராஸின் நிறுவனத்தில் வடிவமைப்பை நடத்திய சார்ல்ஸ் எல்லிஸின் கணக்குகளுக்கும் பெரும்பங்கு உண்டு. கோபுரமும் வடமும் தாங்கவேண்டிய ஒவ்வொரு விசையையும் எல்லிஸ் கையால் கணக்கிட்டார். 1931 முடிவில் ஸ்ட்ராஸ் அவரை வேலையிலிருந்து நீக்கினார். சம்பளமில்லாமல், தன்னிச்சையாக, எல்லிஸ் கணக்குகளைத் தொடர்ந்து சரிபார்த்துக்கொண்டே இருந்தார். திறப்புவிழாப் பலகையில் அவர் பெயர் இல்லை. ஸ்ட்ராஸுக்கு 1941இல் சிலை எழுந்தது; எல்லிஸ் 1949இல் இறந்தார். பால மாவட்டம் 2007இல்தான் தன் அறிக்கையில் அவர் பங்கை ஒப்புக்கொண்டது. அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம் 2012இல் அவர் பெயரைப் பொறித்த பலகை வைத்தது. எல்லிஸ் கணிதத்தோடு கிரேக்கமும் படித்துவிட்டுப் பொறியியலுக்கு வந்தவர். கிறிசோபிலே என்ற சொல்லைப் பொருள் கேட்காமல் படிக்கக்கூடியவர் அந்தப் பாலத்தின் கணக்கைப் போட்டிருக்கிறார்.